முதல் பகுதி இலவசம்

பட்டுக் கடையில் முதலில் பிரித்துப் போடும் புடவையை யாரும் வாங்குவதில்லை. அதை விற்பதற்காகப் பிரிப்பதும் இல்லை. வந்தவர்களை உட்கார வைக்க, கண்ணைப் பழக்க, காபி வரும் வரை பேச்சை ஓட்டப் பிரிப்பது. நாலாவதோ ஐந்தாவதோ புடவையைப் பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு விலையைச் சொல்லலாம். தோளில் ஏறின புடவையை இறக்கி வைக்க எளிதில் யாருக்கும் மனம் வராது. ஆரணியில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவன் நான். இதை முதலில் சொல்லக் காரணம், பிறகு நான் செய்ததெல்லாம் இந்த முறைப்படிதான் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

என் பெயர் அருணகிரி. வயது நாற்பத்தொன்பது. பகலில் விற்பனையாளன், மிச்ச நேரத்தில் நாவலாசிரியன். எஸ்.ஐ. ஐயா, "நீ சொல்லுய்யா, ரைட்டர் எழுதிக்குவாரு" என்றார். இந்த ஸ்டேஷனில் ரைட்டர் என்று வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள். நான் சொல்லி அவர் எழுதினால் வாக்கியம் கெட்டுவிடும். அதனால் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுத் தாள் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தாளும் முடிய முடிய ஐயா வாங்கி, அடியில் என் கையெழுத்தைப் போடச் சொல்லி, கோத்து வைத்துக்கொள்கிறார். பொறுமையான மனிதர்.

நான் ஊருக்குத் தெரிந்த எழுத்தாளன் இல்லை. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. தொண்ணூற்று மூன்றில் முதல் நாவலை வேலூரில் ஓர் அச்சகத்தில் என் செலவில் போட்டேன். படவேட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. விற்றது கொஞ்சம், தெரிந்தவர்களுக்குக் கொடுத்தது அதிகம். சித்தப்பா மகன் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போனபோது அதன் மேல் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் அட்டையைத் தாண்டிப் பதினைந்தாம் பக்கம் வரை இறங்கியிருந்தது. அந்த வீட்டில் யாரும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது நாவல் தொண்ணூற்றெட்டில். நூலக ஆர்டர் கிடைக்கவில்லை. கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் மனைவி பெரணமல்லூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "கட்டிலுக்கு மேல நானு, கீழ உன் புக்கு. ரெண்டையும் நீ திரும்பிப் பாக்கறது கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல வாக்கியம். பின்னால் ஒரு கதையில் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஏழில் ராஜ்குமார் பழக்கமானான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். "அச்சுல போட்டு இன்னா கண்டீங்க சார்? பிடிஎஃப் பண்ணி மெயில்ல உட்டா உலகம் பூரா போவும். காகித செலவு கெடையாது, பைண்டிங் கெடையாது" என்றான். மின்னூல் என்ற சொல்லே எனக்கு அப்போது புதிது. பணம் வாங்கும் வழியையும் அவனே சொன்னான். படிக்க வேண்டியவர் ஒரு ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டி, அந்த நம்பரை எனக்கு எஸ்எம்எஸ் செய்ய வேண்டும். நான் அதை என் போனில் ஏற்றிக்கொண்டு புத்தகத்தை மெயிலில் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ சொல்லி நம்பர் அனுப்பச் சொல்வார்கள்.

பெயர் தெரியாத எழுத்தாளனுக்கு விலையைவிடப் பெரிய தலைவலி கிடையாது. நூறு ரூபாய் வைத்தேன், ஒருவரும் வரவில்லை. ஐம்பதாக்கினேன். ராஜ்குமாரின் மாமா வாங்கினார், அதுவும் அவன் முகத்துக்காக. பத்துக்கு இறக்கினேன். பத்து ரூபாய்க்குக் கொடுக்கிறான் என்றால் எழுத்தும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதிவைத்தார். கடைசியில், போகட்டும் என்று இலவசமாக வைத்தேன்.

அள்ளிக்கொண்டு போனார்கள். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று ராஜ்குமார் திரையில் காட்டினான். அன்றைக்கு அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தப் பிரதியின் நாற்பதாவது பக்கத்தில், கதையின் நடுவே, ஒரு வரி வைத்திருந்தேன். இதுவரை படித்தவர் எனக்கு ஒரு வணக்கம் சொல்லி மெயில் அனுப்புங்கள் என்று. வேறொன்றும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஒரு வணக்கம் வரவில்லை. வாங்கினவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், படிக்கவில்லை. பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து அழுதேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பிறகு ஒருநாள் கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கும்போது என் தப்பு எனக்குப் புரிந்தது. முழுப் புடவையையும் பையில் போட்டுச் சும்மா கொடுத்துவிட்டேன். தோளில் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். முதல் பகுதி இலவசம், பிறகு பகுதிக்குப் பத்து ரூபாய் என்று வைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் புரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் சரிகையைத் தடவிப் பார்த்து, அசலா என்பார்கள். அசல் என்று தெரிந்தால் விலை உறுத்தாது. ஆகவே கற்பனைக் கதை வேண்டாம், உண்மையில் நடந்துகொண்டிருக்கும் கதையை எழுதுவது என்று முடிவு செய்தேன். அப்படி ஒன்று என் வீட்டு முன்கட்டிலேயே நடந்துகொண்டிருந்தது.

முன்கட்டில் ஒரு குழித்தறி இருக்கிறது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மிதித்துக்கொண்டு நெய்வது. என் அப்பாவோடு எங்கள் வீட்டில் நெசவு முடிந்தது. முன்கட்டைத் தறியோடு சேர்த்துப் பழனிக்கும் அவன் மனைவி குணசுந்தரிக்கும் வாடகைக்கு விட்டிருந்தேன். பழனி விடிந்ததும் பவர்லூம் ஷெட்டுக்குப் போய்விடுவான். குழித்தறியில் உட்காருவது குணசுந்தரி. ஒரே மகள் லாவண்யா, ஏழாவது படிக்கிறாள்.

தறிக்குழி ஈரமான இடம். தேள், பூரான் எல்லாம் தங்கும். என் அம்மா காலத்தில் இங்கே குடியிருந்த ஒருத்தியைத் தேள் கொட்டிவிட்டது. அதிலிருந்து, வாடகைக்கு விட்ட குழிக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்று அம்மா ஒரு வழக்கம் வைத்துவிட்டாள். தினம் காலையில் பலகையை விலக்கி, மூங்கில் தடியால் குழிக்குள் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் நெய்கிறவள் கால் வைப்பாள். அம்மா போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கும் அது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. அடுப்படியில் இருக்கும் குணசுந்தரிக்குத் தடியின் சத்தம் கேட்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். தட்டியாயிற்றா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவளும் பழனியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் அப்பா செத்த அன்று பழனி போனை அணைத்துவிட்டு சினிமாவில் இருந்திருக்கிறான். "எங்கப்பனத் தூக்கிகினு போறாங்க, இந்த மனுஷன் தியேட்டர்ல குந்திகினு கீது" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே, "உங்கப்பன சாப்ட வரச் சொல்லு" என்பாள். "அப்பா, சாப்ட வரணுமாம்" என்று அந்தக் குழந்தை அஞ்சல் செய்யும். சிரிப்பாகவும் இருக்கும், கேட்கக் கஷ்டமாகவும் இருக்கும். எழுத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

திருட்டுத்தனமாக எழுதினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். தறியில் இருந்தவள், ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னப் பத்தியாணா? அப்ப கொஞ்சம் செவப்பா எழுது. பேர மாத்தாத. அந்தாளு படிச்சா நான்னு தெரியணும்."

"அவன் எங்கம்மா படிக்கப் போறான்?"

"எவனாவது படிச்சிட்டுச் சொல்லுவான்ல. சரி, கடைசீல எனக்கு இன்னா ஆவுது?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா" என்றேன். அது உண்மை. அன்றைக்கு நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

முதல் பகுதியை இலவசமாக விட்டேன். உண்மைக் கதை, ஆரணியில் ஒரு வீட்டில் இப்போது நடந்துகொண்டிருப்பது என்று முகப்பில் போட்டேன். இரண்டாம் பகுதிக்கு நம்பர்கள் வர ஆரம்பித்தன. கடையில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பையில் போன் துடிக்கும். மெயில்களும் வந்தன. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, முகம் தெரியாத மனிதர்கள் நான் எழுதிய ஒருத்தியைப் பற்றி என்னிடமே விசாரித்தார்கள். சுந்தரி சாப்பிட்டாளா, அந்தப் பழனிக்குப் புத்தி வந்ததா என்று. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் திலகவதி என்ற பெண் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதினாள். சந்தவாசல் பக்கத்துப் பெண். டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் உங்கள் கதையைத்தான் திறக்கிறேன் என்று எழுதியிருந்தாள். அந்த வரியைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சில நாள் திரிந்தேன்.

ஐந்தாம் பகுதியில்தான் சறுக்கியது. நடந்தது இதுதான். மின்வெட்டால் ஷெட்டில் வேலையில்லாமல் பழனி ஒருநாள் சீக்கிரமே வந்து தறிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தது. லாவண்யா பள்ளிக்கூடத்தில். குணசுந்தரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்த இழையப் புடி" என்றாள். அவன் பிடித்தான். அவள் முடி போட்டாள். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் எழுதினதிலேயே சிறந்தது அந்தப் பகுதிதான், இப்போதும் சொல்வேன். வாசகர்கள் 'இவ்வளவுதானா' என்று எழுதினார்கள். எழுதாதவர்கள் பேசாமல் நின்றுவிட்டார்கள். போன் துடிப்பது குறைந்தது.

முன்கட்டில் அவர்கள் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை வருடப் பாக்கி. சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருக்கிறவர்களை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

ஆறாவது, கடைசிப் பகுதிக்கு விளம்பரம் போட்டேன். 'முடிவில் ஒரு சாவு. நடந்தது நடந்தபடி.' விலை ஐம்பது ரூபாய், முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நம்பர்கள் மழை மாதிரி வந்தன. ஆயுள் முழுக்கப் பேசினாலும் தீராத அளவுக்கு என் போனில் பாக்கி ஏறியது. கூப்பிட்டுப் பேச எனக்கு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் நான் நினைத்தது கற்பனையாக ஒரு சாவை எழுதிவிடுவது என்றுதான். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் கெட்டவன் இல்லை. அந்த நேரத்தில் திலகவதியிடமிருந்து மெயில் வந்தது. ஆடி மாதம் லீவில் வருகிறாள். படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல். அப்படியே ஆரணிக்கும் வந்து சுந்தரி அக்காவைப் பார்க்க வேண்டும். சாகப்போவது யார் என்று பயமாக இருக்கிறது, அக்காவாக மட்டும் இருக்கக் கூடாது. இப்படி எழுதியிருந்தாள்.

என் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவள் வரும்போது எல்லாரும் உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நான் பொய்யன். பணத்தைத் திருப்பித் தரலாமே என்பீர்கள். சுரண்டி ஏற்றிய ரீசார்ஜ் நம்பரை எப்படித் திருப்பித் தருவது? போலிச் சரிகையை அசல் என்று சொல்லி விற்றவனைக் கடைத்தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். என்னை நம்பிய வாசகர்களிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழனியைப் பற்றி யோசித்தேன். அவன் செத்தால் வாசகர்கள் வருத்தப்பட மாட்டார்கள். குழந்தையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் உண்டு.

ஐயா, இந்த வரிக்கு வரும்போது எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து தொண்டை வறண்டு கிடக்கிறது.

ஆனி மாதம் வீட்டில் எலி அதிகமாகிவிட்டது. குணசுந்தரிக்கு ஒரே கவலை. "எலி பேஜாரா பூடுச்சுணா. பாவைக் கடிச்சி வெச்சுதுன்னா அவ்ளோதான், மொதலாளி என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குழியின் பின்சுவரில் சாக்கடைப் பக்கம் திறக்கும் ஒரு பொந்து உண்டு. அம்மா செங்கல் வைத்து அடைத்திருந்தாள். அந்தச் செங்கலை எடுத்தவன் நான்தான். குழியின் மூலையில் ஒரு பிடி நொய்யரிசி போட்டவனும் நான்தான். தினமும் போட்டேன். எலிக்கு அரிசி போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அரிசிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் வருவது வரும். வராமலும் போகலாம். அதை நான் என் கையில் வைத்துக்கொள்ளவில்லை. தினமும் வழக்கம்போலக் குழிக்குள் தட்டிக்கொண்டும் இருந்தேன். ஒன்றும் இல்லாத நாட்களில் என் மனம் லேசாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். அவர்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பலகையை விலக்கி டார்ச் அடித்தேன். மிதிக்கு அடியில் சுருண்ட உடம்பு கொஞ்சம் தெரிந்தது. பலகையைத் திரும்ப வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ராஜ்குமார் கடைக்குப் போனேன். எங்கள் பக்கம் அந்த மாதம் காலையில் மின்வெட்டு. காலையில் அவன் கடை திறக்காது. வெள்ளிக்கிழமை தருவதாக வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் முந்தினால் குற்றமில்லை என்று, எழுதி வைத்திருந்த முடிவை அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அதில் சுந்தரி தறிக்குழியில் நல்ல பாம்பு தீண்டிச் சாகிறாள். திரும்பி வரும்போது கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களைத் தெருமுனையில் பார்த்தேன். "அண்ணா, இந்தா" என்று குணசுந்தரி என் கையில் விபூதி கொடுத்தாள். பூசிக்கொண்டேன்.

மறுநாள் காலை பழனி ஷெட்டுக்குப் போனான். லாவண்யா பள்ளிக்கூடம் போனாள். மின்சாரம் போய், குழிக்கு மேலே தொங்கும் பல்பு அணைந்தது. நான் பலகையை விலக்கி, தடியை எடுத்து, எப்போதும்போலத் தட்டினேன். குணசுந்தரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கி பொடவ முந்தி முடிஞ்சிடும்ணா. ஜல்தியா முடிச்சிட்டு ரெண்டு பேருமா சினிமாவுக்குப் போறம். இந்தத் தபா நானும் போன அணைச்சிடப் போறன்."

உட்கார்ந்தாள். தறிச் சத்தம் ஆரம்பித்தது. நான் கடைக்குக் கிளம்பாமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

"அண்ணா, கால்ல இன்னாவோ சுருக்குனுது. எறும்பான்னு பாரேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மிதிக்குப் பின்னால் கறுப்பில் வெள்ளைப் பட்டைகள் நகர்ந்தன. கட்டுவிரியன். நல்ல பாம்பு என்று எழுதி அனுப்பிவிட்டேனே என்பதுதான் அப்போது என் மனதுக்கு வந்தது. போய்ச் சேர்ந்ததைத் திருத்த வழியில்லை.

"எறும்புதாம்மா" என்றேன்.

அவள் திரும்ப நெய்ய ஆரம்பித்தாள். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது என்று பிறகு சொன்னார்கள். நான் பின்கட்டில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம், நெய்கிறவரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதிலேயே தெரியும். மெல்ல மெல்ல அது தளர்ந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. பிறகு நின்றது. அதற்குள் நான் எழுந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.

தகவல் போய்ப் பழனி ஷெட்டிலிருந்து ஓடி வந்தபோது அவள் கண்ணிமை தானாக மூடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காத்தாயி, பாம்பாக இருக்கப்போகிறது என்று கத்தினாள். குணசுந்தரி நாக்குக் குழறச் சொன்னாள்.

"பாம்பெல்லாம் இல்ல. அண்ணன் தட்டிச்சி. சத்தத்த நான் கேட்டன்."

அதனால் பித்த மயக்கம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்து, விசிறி, படுக்க வைத்து, நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே உயிர் போனது. காரியமெல்லாம் முடிந்த பிறகு குழியைச் சுத்தம் செய்யும்போதுதான் கட்டுவிரியன் அகப்பட்டது. பழனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ தட்டியும் போவாம இருந்திருக்கு பாருணா. நீ இன்னா பண்ணுவ, மனச உட்டுடாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கு முன்னால் திலகவதி வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். லாவண்யாவுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை வாங்கி வந்திருந்தாள். மாலை போட்ட படத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எனக்கு ஒருவிதப் பெருமை. சொன்னது சொன்னபடி இருந்தது, பொய் இல்லை. அவள் பழனியிடம் எப்போது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை காலை என்றான்.

"வெள்ளிக்கிழமையா? எனக்கு வியாழக்கிழமை சாயங்காலமே வந்துடுச்சே" என்றாள்.

பழனிக்குப் புரியவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் பேச்சை மாற்றுவதற்காக, கடைசிப் பகுதி எப்படி இருந்தது என்று கேட்டேன். "நான் எப்பவும் கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல படிப்பன். அத்தப் படிச்சதும் அழுகை வந்துடுச்சி. மீதிய இன்னும் தொறக்கவே இல்ல" என்றாள். அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள். அவள் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மீதியைப் படிக்கவில்லை என்றாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பாக்கி ஒன்றுதான். அன்று காலை தட்டினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். தட்டினது உண்மை. எங்கே தட்டினேன் என்று எழுதவில்லை. குழிக்குள் தட்டவில்லை. குழிக்கு வெளியே, விளிம்பை ஒட்டின மண் தரையில் தட்டினேன். அடுப்படியில் இருக்கிறவளுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். குணசுந்தரியைக் கொன்றது நான். பாம்பின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. முடிவு ஏற்கெனவே எழுதி அனுப்பியாகிவிட்டது, நான் அதன்படி நடந்துகொண்டேன்.

இது கடைசித் தாள். இதற்கு முன்னால் எழுதின எல்லாவற்றையும் எஸ்.ஐ. ஐயா வாங்கிப் புரட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கி, கோத்து முடித்துவிட்டார். "எல்லாம் படிச்சிட்டேன்யா, தெளிவா கீது" என்றும் சொன்னார். ரைட்டர் மேஜையில் மண்பானையும் டம்ளரும் இருக்கின்றன. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுத் தாளில் கேட்ட தண்ணீர் இன்னும் வரவில்லை. சும்மா கொடுத்தால் இப்படித்தான்.